காசிக்குப் போன கருவாடு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பலகைக்குப் பிணைச்சல் பூட்டியது. தேங்காய் துருவும் துருவலைக்கான பலகை. அதை நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் பிணைச்சலால் சேர்த்தால் மடித்துப் பார்சலில் வைக்கலாம் என்பது என் யோசனை. மடிகிற பலகையில் ஏறி இருந்தால் ஆள் நிலத்தில்தான் இருக்கும் என்பது அப்பாவின் கட்சி. பிணைச்சலை மேற்பக்கம் பூட்டினால் அப்படித்தான் ஆகும். கீழ்ப்பக்கம் பூட்டினால் பாரம் ஏற ஏற மூட்டு இறுகும். படம் வரைந்து காட்டினேன். அவர் படத்தை நம்பவில்லை. நான் துளை போட, அவர் பலகையைப் பிடித்தார். கடைசி ஆணியை முறுக்கியதும் தானே ஏறி இருந்து, ஒரு தரம் எழும்பி, இன்னொரு தரம் இருந்து பார்த்தார்.

"சரி. பிமலா என்னிலும் பாரம் குறைவுதான்," என்றார்.

பிமலா என் தம்பியின் மனைவி. நேபாளத்துப் பெண். இந்த வருசத் தொடக்கம் வரை அந்தப் பெயரை அப்பா ஒரு தடவையும் உச்சரித்ததில்லை. இப்போது பலகையின் பலத்தை அந்தப் பெயரை வைத்தே அளந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, நெஞ்சு நோகிறது என்றார். ஆசுபத்திரியில் மத்தியானத்துக்கு முன் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மூத்த மகளான நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். எனக்குப் பாட்டு எழுத வராது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நான் பட வரைஞர். நடந்ததை எழுதுகிறேன்.

கனகரத்தினம், திருகோணமலை நகரத்தில் பிறந்தவர். இளவயதில் கடற்படைத் தளத்தின் படகுகளில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போன பிறகு துறைமுகத்தில் எடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை இழுவைப் படகில் சுக்கான் பிடிக்கும் சுக்கானி. வெளிக்கடலிலிருந்து வரும் கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டுவதும், பிறகு இழுத்துக் கொண்டுபோய்த் துறைமுக வாயில் விடுவதும் தொழில். உலகத்துக் கப்பல்களெல்லாம் அவர் கைக்குள்ளால் போய் வந்தன. அவர் மட்டும் துறைமுகத்தின் வாயைத் தாண்டியதில்லை.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு கப்பலை உள்ளே எடுக்க முன்னம், அதை எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்துவிட வேண்டும். அப்பா அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கலியாண வீட்டுக்குப் போக வேட்டி கட்டும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். படம் பார்க்கப் போனால் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

என் தம்பி ஆனந்தராசா நில அளவையாளன். தெருப் போடும் திட்டம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நேபாளத்துக்குப் போனான். அங்கேயே, ஒருவரையும் கேளாமல், பிமலாவைக் கலியாணம் முடித்தான். முடித்த பிறகு கடிதம் போட்டான்.

"நடந்தாப் பிறகு அறிவிக்கிறது செத்தவீடு மட்டும்தான்," என்றார் அப்பா. பிறகு அவனைப் பற்றிக் கதைக்கவில்லை. அவனுக்கு எழுதவும் இல்லை.

தம்பி தொடர்ந்து எழுதினான். அம்மா கடிதங்களைச் சத்தமாக வாசிப்பார். அவர் வாசிக்கத் தொடங்கியதும் அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அன்புவழிபுரத்தில் எங்கள் வளவு சின்னது. அந்தக் கிணற்றடிக்கு எல்லாம் கேட்கும். மகள் பிறந்திருக்கிறாள் என்ற கடிதம் வந்த அன்று, நிரம்பிய வாளிக்குள்ளேயே இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.

இந்த வருசம் தைப்பொங்கல் முடிந்ததும், தானும் அம்மாவும் காசிக்குப் போகப் போவதாகச் சொன்னார். ஏன் திடீரென்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் போகாமல் விட்டுவிடுவார் என்ற பயம். அம்மா அன்றிலிருந்து சைவமாகிவிட்டார்.

மேசையில் ஒரு நீளமான கடுதாசியை விரித்தேன். அலுவலகத்தில் வாய்க்காலை வரைவது போல, வழியை ஒரே கோட்டில் வரைவது என் எண்ணம்.

"எங்கையிருந்து தொடங்க அப்பா?"

"வீட்டுக்குத் திரும்பி வாறதிலையிருந்து. வைகாசி பிறக்க முன்னம் நான் இந்தக் கதிரையிலை இருக்கோணும். அதிலையிருந்து பின்னுக்கு வா."

வலது ஓரத்தில் திருகோணமலை என்று எழுதினேன். அதற்கு இடப்பக்கம் தலைமன்னார், இராமேஸ்வரம், சென்னை. கடைசியில் காசி. ஒவ்வோர் இடத்திலும் எப்போது புறப்பட்டால் அடுத்த இடத்தில் கப்பலோ ரயிலோ பிடிக்கலாம் என்று பின்னோக்கி எழுதிக்கொண்டு வந்தேன். காசியை எழுதி முடித்ததும் பேனாவை மூடினேன்.

அப்பா கடுதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் கடுதாசி மிச்சம் கிடக்கு."

"காசியோடை முடியுதுதானே அப்பா."

"கடுதாசியை வீணாக்கக் கூடாது. காசிக்கு அங்காலை என்ன?"

"முசாபர்பூர்."

"அதுக்கு அங்காலை?"

"ரக்சோல். அதோடை இந்தியா முடியுது."

"முடிஞ்சால்?"

குசினிக்குள் அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

"நேபாளம்," என்றேன். "காத்மண்டுவிலை பசுபதிநாதர் கோயில் இருக்கு."

"கோயில் இருக்கே? அப்ப போடு."

அம்மியின் சத்தம் திரும்பத் தொடங்கியது.

பசுபதிநாதருக்கு அவர் இரண்டு நாள் ஒதுக்கினார். ஒரு கோயிலுக்கு அதுவே கூட என்றார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மலைப்பாதையில் பஸ்ஸில் போனால் இடுப்புக்கு ஆறுதல் வேண்டும் என்று சொல்லி மூன்றாக்கினார். அதற்கு மேல் அவரால் ஏற்ற முடியவில்லை.

"தம்பிக்கு எழுதட்டோ?" என்று அம்மா கேட்டார்.

"நான் ஒருத்தருக்கும் எழுதச் சொல்லேல்லை," என்றார் அப்பா. வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "எழுதுறதெண்டால் பஸ் எங்கை வந்து நிக்கும் எண்டதைச் சரியா எழுதும்."

பங்குனிக் கடைசியில் அவர் சைக்கிளில் ஒரு பொதியைக் கொண்டுவந்து இறக்கினார். கட்டா மீனில் போட்ட கருவாடு. ஜமால்தீன் மாமாவின் வீட்டில், அவருடைய மனைவி நஜ்முன் நிஸா மாமி போட்டுக் காயவைத்தது. ஜமால்தீன் மாமா அப்பாவின் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு லொறி வாங்கி மீன் ஏற்றுகிறார்.

அம்மா பொதியிலிருந்து எட்ட நின்றார்.

"இஞ்சேருங்கோ, காசிக்குப் போறவை கருவாடு கட்டிக்கொண்டு போறதை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

"நீர் சாப்பிடத் தேவையில்லை."

"அப்ப ஆர் சாப்பிடுறது? பசுபதிநாதரோ?"

தம்பி சின்ன வயதில் கட்டாக் கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மணம்தான் சிக்கல். சத்திரத்தில் தங்க வேண்டும், ரயிலில் மற்றவர்களோடு இருக்க வேண்டும். ஒரு பெரிய பால்மாத் தகரத்தில் அடைத்து, மூடியைச் சுற்றி ஈயம் ஒற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். மஹ்ரூப் என்பவர் சந்தைக்குப் பக்கத்தில் தகரமும் இரும்பும் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஈயத்தை ஒற்றிவிட்டு, தகரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன?"

"காசிக்குக் கொண்டுபோற சாமான்," என்றார் அப்பா.

மஹ்ரூப் தகரத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

புறப்படுகிற நாள் வந்தது. அதிகாலையில் மூன்று பேரும் பெட்டிகளோடு பஸ் நிலையத்துக்குப் போனோம். வவுனியா பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கடைகள் எல்லாம் பூட்டு. கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் மட்டும் வந்தது.

அன்று வருசப்பிறப்பு.

பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததில், முதல் நாள் எங்கே விழுகிறது என்று நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நாளைத் தெரியாமல் இல்லை. வருசம் பிறக்கிற நாளில் காசிப் பயணம் தொடங்குவது எவ்வளவு விசேஷம் என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தார். தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கொண்டாடும் அந்த ஒரு நாளில் பஸ் ஓட்டுகிறவரும் வீட்டில்தான் இருப்பார் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் தலைமன்னாரில் கப்பல். அதை விட்டால் கோட்டில் இருக்கும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும்.

அப்பா பெட்டியின் மேல் இருந்தார்.

"சரி. வீட்டை போவம். போக விருப்பமில்லைப் போல," என்றார். யாருக்கு விருப்பமில்லை என்று சொல்லவில்லை.

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பெட்டி கட்டிக் கொண்டுவந்த சைக்கிளில் ஏறி ஜமால்தீன் மாமா வீட்டுக்கு மிதித்தேன். அவர் சாரத்தோடு வாசலில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்க முன்னமே வாயைக் கொப்பளித்துவிட்டு லொறிச் சாவியை எடுத்தார்.

பஸ் நிலையத்துக்கு வந்து இறங்கியதும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, நாப்பது வருசம் கப்பல் கட்டின மனிசன். ஒங்கட பெருநாள் ஒங்களுக்கே தெரியாதா?"

"நீ லொறியை எடு ஜமால்."

"எடுக்கிறன். ஒங்கட பெருநாளைக்கு எங்கட லொறி ஓடும். எங்கட பெருநாளைக்கு ஒங்கட சைக்கிளைத் தாங்க."

அம்மா லொறியைப் பார்த்தார். கழுவித்தான் இருந்தது. ஆனாலும் மீன் லொறி.

"காசிக்கு மீன் லொறியிலையோ?"

"தங்கச்சி, கங்கையில முழுகினா பாவமே போகுதாம். மீன் மணம் போகாதா?" என்றார் ஜமால்தீன் மாமா. பெட்டிகளை ஏற்றும்போது பால்மாத் தகரத்தைக் கையில் எடுத்து நிறை பார்த்தார். தன் வீட்டுச் சாமானை அவருக்குத் தெரியாதா. அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பசுபதிநாதருக்கு என்ட ஸலாத்தையும் சொல்லுங்க அண்ணே."

அம்மா முன்னால் இருந்தார். லொறி வவுனியாத் தெருவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

காசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தரிசனம், கடும் வெயில், சத்திரத்தில் தகரத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்து அறைக்காரரின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டது, எல்லாம் எழுதியிருந்தார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை.

திரும்பி வரும் நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுச் சமைத்து வைத்தேன். அவர்கள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வைகாசி பிறந்தது. கதிரை வெறுமையாக இருந்தது. அப்பா தன் வாழ்க்கையில் திரும்பி வரும் நேரம் ஒன்றைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. மலைப்பாதையில் பஸ் உருண்டிருக்கும் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று நினைத்தேன். தம்பியும் அவரும் வாசலிலேயே முறிந்து, இவர் கோபத்தோடு எங்கேயோ இறங்கிவிட்டார் என்றும் நினைத்தேன். அதுதான் மற்ற இரண்டையும் விடப் பயமாக இருந்தது. வயது போனவர். இன்னொரு தடவை அவ்வளவு தூரம் போக ஏலாது.

ஜமால்தீன் மாமா தினமும் பின்னேரம் வந்து கேட்டார். ஒரு நாள் கதிரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, அந்த மனிசன் சொன்ன நேரத்துக்கு வரல்லயெண்டா ரெண்டு காரணம்தான். ஒண்டு, கப்பல் மூழ்கிருக்கணும். மூழ்கிருந்தா ரேடியோவில சொல்லிருப்பான். மத்தது, ஆரோ கயித்தைப் பிடிச்சுக் கட்டிட்டாங்க."

மறுநாள் தந்தி வந்தது. காத்மண்டுவிலிருந்து. 'திரும்புவது பிந்தும். எல்லோரும் சுகம்.' கீழே அப்பாவின் பெயர்.

எல்லோரும் என்று எழுதியிருந்தார். அங்கே அவரும் அம்மாவும் மட்டுமென்றால் இருவரும் என்று எழுதியிருப்பார். அவர் அப்படிச் சரியாக எழுதுகிற ஆள். நான் தந்தியை மேசையில் வைத்துவிட்டு, சமைத்ததைப் போட்டுச் சாப்பிட்டேன். அந்தக் கிழமை பசித்துச் சாப்பிட்டது அன்றுதான்.

நடந்ததை அம்மா வந்த பிறகு சொன்னார்.

எல்லையில் சுங்க அதிகாரி தகரத்தைத் திறக்கச் சொன்னாராம். ஈயத்தை வெட்டி மூடியைத் தூக்கியதும் அவரே பின்னுக்குப் போய், கையால் போ போ என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகு மூடி சரியாகப் பொருந்தவில்லை. மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. துறைமுகத்தில் எந்தக் காற்றுக்கும் அசையாத சுக்கானி ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைப் பார்ப்பதா, தகரத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தார்களாம்.

காத்மண்டுவில் தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்பா இறங்கி, வாயைத் துடைத்து, சால்வையைச் சரிசெய்தார். இத்தனை வருசத்துக்குப் பிறகு அவனோடு கதைத்த முதல் கதை இது:

"பஸ் இவ்வளவு பிந்துறதே வழமை?"

"ஓம் அப்பா. மலைப்பாதைதானே," என்றான் தம்பி.

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிமலா கருவாட்டைப் பொரித்தாள். வீடு முழுக்க மணம். பிமலாவின் தாயார் அங்கேதான் இருந்தார். அந்த மணத்துக்கு அவர் முகம் சுளிப்பார் என்று அம்மா பயந்தார். அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ சொன்னார். விரல் நீளத்தில் சின்னச் சின்னக் காய்ந்த மீன்கள்.

"என்ன சொல்லுறா?" என்று அப்பா கேட்டார்.

"தங்கட கருவாட்டையும் சாப்பிட்டுப் பாக்கட்டாம்," என்றான் தம்பி.

"கடல் இல்லாத ஊரிலை ஏதடா கருவாடு?"

"ஆத்து மீன் அப்பா. காயவைச்சது."

அப்பா ஒன்றை எடுத்து மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"உப்புக் காணாது," என்றார்.

தம்பி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பிமலா எழும்பிப் போய் உப்புப் பேணியை எடுத்துவந்து வைத்தாள். அவளுடைய தாயார் சிரித்தார். அப்பா கிண்ணத்தில் இருந்தது முழுவதையும் உப்புத் தொட்டுச் சாப்பிட்டு முடித்தார். பேத்தி அவர் தட்டிலிருந்த கட்டாக் கருவாட்டில் ஒரு துண்டை எடுத்து, உப்பை மட்டும் நக்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். அவர் கொடுத்தார்.

மறுநாள் கோயிலுக்குப் போனார்கள். தரிசனம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. வரும் வழியில் ஒரு தேங்காய் வாங்கினார். கருவாட்டுக்குச் சம்பல் வேண்டுமாம். அந்த வீட்டில் துருவலை இல்லை. பிமலா கத்தியால் தேங்காயைச் சீவப் போய்க் கையை வெட்டிக்கொண்டாள். அப்பா கத்தியை வாங்கி வைத்துவிட்டு, தன் சால்வைக் கரையைக் கிழித்து அவள் விரலைச் சுற்றினார்.

"நான் ஊருக்குப் போனதும் துருவலை ஒண்டு அனுப்புறன் எண்டு சொல்லு," என்றார் தம்பியிடம். "நல்ல அலகா, பல்லுப் பொடியா. இனிக் கத்தி பிடிக்க வேண்டாம் எண்டும் சொல்லு."

மூன்றாம் நாள் காலை பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மா அழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் கோட்டுப் படத்தை விரித்து, திரும்பி வரும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மடித்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இந்த டிக்கெட்டெல்லாம் மாத்த ஏலுமோ எண்டு விசாரி."

அவர்கள் வந்து இறங்கிய அன்று பின்னேரம் ஜமால்தீன் மாமா வந்தார். அப்பா கதிரையில் இருந்தார். கறுத்து, மெலிந்து, சந்தோசமாக.

"எப்பிடி அண்ணே பசுபதிநாதர்?"

"சுகமா இருக்கிறா," என்றார் அப்பா. "மூண்டு வயசாகுது. கருவாடு நல்லாத் தின்னுறா."

ஜமால்தீன் மாமா சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கடிதம் வந்தால் அப்பா கிணற்றடிக்குப் போகவில்லை. கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்வார். கடையில் விற்கிற துருவலை ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. பலகையை நாங்களே செய்தோம். அலகுக்கு ஜமால்தீன் மாமாவின் லொறியிலிருந்து உடைந்த வில்லுத் தகடு ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் மஹ்ரூபிடம் கொடுத்தார். முதல் தடவை போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் கிடைப்பது முற்றல் தேங்காய், பல்லை இன்னும் பொடியாக அரம் போட்டு வை, செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கொள்ளிக்குத் தம்பியால் வந்து சேர முடியவில்லை. பெரியப்பாவின் மகன் வைத்தான். தம்பி வந்தபோது அப்பாவின் கதிரையில் இருந்து அழுதான். பிறகு எழும்பி, தான் செய்ய வேண்டியது என்னவென்று ஐயரிடம் கேட்டு எழுதிக்கொண்டான். அவன் நிமிர்ந்து நடமாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு இலேசாக வருகிறது. அன்று வருசப்பிறப்பில் நாங்கள் பெட்டிகளோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இவன் இந்த வீட்டுக்குள் எப்படி வந்திருப்பான் என்று யோசிக்கிறேன். அம்மாவும் அதைத்தான் யோசிக்கிறார். இரண்டு தடவை சொல்லிவிட்டார்: "போயிட்டு வந்திட்டார் பிள்ளை. போயிட்டு வந்திட்டார்."

ஞாயிற்றுக்கிழமை கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டிக் கிரியை. அது முடிந்ததும் தம்பி திரும்புகிறான். பலகையைப் பார்சலில் அனுப்பத் தேவையில்லை. அவன் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டேன். அடங்குகிறது.

அலகு இன்னும் மஹ்ரூபின் பட்டறையில் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானத்தோடு அவர் பூட்டிவிடுவார். காலையில் போய் எடுக்க வேண்டும்.